மில் தெரு, 212

செவ்வாய், காலை 10:10.

பிணம் கிடைத்தது.

கிடைத்த இடம், பதினோரு பக்க கிரெடிட் ரிப்போர்ட்டின் ஏழாம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி. எடை 6,240 டாலர். செத்து ஐந்தரை வருடம். கண்டெடுத்தவர் ஆல்டன் பிரெஸ்காட். சாண்டஸ்கி நகரத்து வங்கி ஒன்றில் வீட்டுக்கடன் கொடுக்கிற அதிகாரி. ஆனால் அவருடைய விசிட்டிங் கார்டு அப்படிச் சொல்லாது. 'இல்லக் கனவுத் துணைவர்' என்று சொல்லும்.

கனவுத் துணைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட செய்தி சொல்லும்போதெல்லாம் கழற்றுவார். எதிரில் இருப்பவரின் முகம் மங்கலாகத் தெரிந்தால் சொல்வது சுலபம்.

"மிஸ்டர் லாட்டிமர், ஒரு சின்ன நெருடல்."

எதிரில் இருந்தவர் வெண்டல் லாட்டிமர். ஐம்பத்திரண்டு வயது. ஏரித் தீவுகளுக்குப் போகும் படகுகளில் என்ஜின் மெக்கானிக். அவரை வெண்டல் என்று கூப்பிடுவது வங்கியும் வரி இலாகாவும் மட்டும்தான். ஊருக்கெல்லாம் அவர் சிப். பக்கத்தில் அவர் மனைவி நோரீன், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆஸ்பத்திரி பாக்கி. 2018 ஜூன் 3, எமர்ஜென்சி வார்டு. யாரும் கட்டல. இப்போ வசூல் கம்பெனி கையில இருக்கு."

"நான் எமர்ஜென்சி வார்டுப் பக்கமே போனதில்லையே."

"ரிப்போர்ட் போனீங்கன்னு சொல்லுது."

"போகலன்னு நான் சொல்றேன்."

பிரெஸ்காட் சிப்பையும் ரிப்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ரிப்போர்ட்தான் கோட்டுப் போட்ட, நம்பத்தகுந்த ஆள் மாதிரி இருந்தது.

"வழி இருக்கு. முழுசா கட்டிட்டீங்கன்னா ஆஸ்பத்திரிக் கடனை ரிப்போர்ட்லேர்ந்து எடுத்துடுவாங்க."

"ஆறாயிரத்துக்கு எங்க போறது? இருக்கிறதையெல்லாம் முன்பணத்துக்குச் சொல்லியாச்சு."

"அப்போ அடுத்த வருஷம் அக்டோபர் வரைக்கும் பொறுங்க. 2018 அக்டோபர்ல வசூலுக்குப் போச்சு; அதுலேர்ந்து ஏழு வருஷம் முடிஞ்சா தானா உதிர்ந்துடும்."

"வீட்டை விக்கிறவர் இந்த மாசம் இருபத்திரண்டு வரைக்கும்தான் பொறுப்பேங்கிறார்," என்றாள் நோரீன்.

"அது அவருடைய பயணம்," என்றார் பிரெஸ்காட் மெதுவாக. 'அது அவர் பாடு' என்பதற்கு வங்கி மொழி. "மூணாவது வழி ஒண்ணு இருக்கு. 'இது இவர் கடன் இல்ல'ன்னு வசூல் கம்பெனியே லெட்டர் குடுக்கணும். குடுத்ததா சரித்திரம் இல்ல."

ஹெரன் சந்து, 9. அவர்கள் வாங்க நினைத்த வீடு. ஏரியைப் பார்த்த இரண்டு அறை, ஆரஞ்சு நிறக் கதவு. இருபத்தாறு வருடம் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு முதல்முறையாக ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாத ஒரு சுவர். சிப்புக்கு அந்தச் சுவர் போதும். கூரையை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

காரில் நோரீன் சிக்னல்களை எண்ணிக்கொண்டு வந்தாள். ஐந்தாவதில் கேட்டாள்.

"அந்த வருஷம் நம்ம வீட்டு கீழறையில யாரு இருந்தா?"

சிப்புக்கு அவள் யாரைச் சொல்கிறாள் என்று தெரியும். அவளுடைய தம்பி ரஸ். அப்போது வேலை இல்லை. இன்சூரன்ஸும் இல்லை; சிப் பேரைச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்.

"உன் தம்பிய நீயே சொல்றியா?"

"நான் சொன்னா சண்டை வராது. நீங்க சொன்னா வரும். அதான் நான் சொல்றேன்."

செவ்வாய், மதியம் 2:30.

நகர நூலகத்தில் சமையல் புத்தகங்களுக்கும் வரிப் படிவங்களுக்கும் நடுவில் ஒரு மேஜை. மேஜைமேல் அட்டை: 'பில் புரியலையா? உட்காருங்க.' அட்டைக்குப் பின்னால் பெர்னடீன் ஹூபர். வயது அறுபத்தெட்டு. டொலீடோவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பில் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தவர். ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் ஃபிளாரிடா போனார்கள். பெர்னடீன் செவ்வாய்தோறும் இங்கே வந்தார். முப்பத்தோரு வருடம் தான் அனுப்பிய பில்களுக்குப் பிராயச்சித்தம் என்று சொல்லிக்கொள்வார். சொல்லும்போது பெப்பர்மின்ட் வாயில் இருக்கும். கிண்டலா, நிஜமா என்று தெரியாது.

ரிப்போர்ட்டை ஏழாம் பக்கத்திலிருந்து அவர் படிக்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

"முதல் கேள்வி. ஜூன் 3, 2018 எங்க இருந்தே?"

"எப்படி ஞாபகம் இருக்கும்?"

"எனக்கு இருக்கு," என்றாள் நோரீன். "ஞாயித்துக்கிழமை. டெஸ் பள்ளி முடிச்ச விழா."

டெஸ், அவர்களுடைய ஒரே மகள். நோரீன் போனில் தேடி ஒரு படத்தைக் காட்டினாள். பள்ளி மைதானம். நீல அங்கியில் டெஸ். அவளைக் கட்டிக்கொண்டு அழுகிற சிப். பின்னால் கூட்டம் இறங்கிக் கொண்டிருக்கும் படி வரிசைகள். உச்சி வரிசையில் யாரோ ஒருத்தர் மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை. நேரம்: பிற்பகல் 1:41.

"வெயில் தாங்கல அன்னிக்கு," என்றாள் நோரீன். "விழா முடிஞ்சு நேரா எங்க வீட்டுல விருந்து. ரஸ்தான் அடுப்பு. நாப்பது சாசேஜையும் கரியாக்கினான்."

"சாட்சி?"

"நாப்பது பேரு. இன்னும் மன்னிக்கல."

"நல்ல சாட்சி," என்றார் பெர்னடீன். "ரெண்டாவது கேள்வி. முதல் பக்கத்துல, 'முந்தைய விலாசங்கள்'ல ஒண்ணு. மில் தெரு, 212."

சிப்பின் முகம் தளர்ந்தது. "அது நான் பொறந்த வீடு. கல்யாணம் ஆகிற வரைக்கும் அங்கதான் இருந்தேன். முதல் கிரெடிட் கார்டு அந்த விலாசத்துலதான் வாங்கினேன். அம்மா போனப்புறம் 2004-ல இடிச்சுட்டாங்க. இப்போ கார் கழுவுற இடம்."

"அம்மா மட்டுமா?"

"அம்மாவும் நானும். எனக்கு எட்டு வயசுல அப்பா டெக்சஸ்ல எண்ணெய்க் கிணத்துல செத்துட்டாரு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே எங்களை விட்டுட்டுப் போய்ட்டாரு. அம்மா காலைல மீன் ஆலையில மீன் வெட்டுவா. சாயங்காலம் பொழுதுபோக்குப் பூங்காவுல பாப்கார்ன் விப்பா. எங்கேர்ந்தும் பத்து காசு வந்ததில்ல. கையில ஒரு பக்கம் மீன் வாசனை, ஒரு பக்கம் வெண்ணெய் வாசனை."

பெர்னடீன் இதைக் குறித்துக்கொண்டார். இதில் குறித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று நோரீனுக்குத் தோன்றியது.

நூலகத்து இயந்திரத்திலிருந்து சாண்ட்விச் வாங்கினால் ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு சிப்ஸ் இலவசம். சிப் தன் பொட்டலத்தை நோரீன் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடலையா?" என்றார் பெர்னடீன்.

"பிடிக்காது. சின்ன வயசுலேர்ந்தே."

"அப்புறம் எப்படி சிப்னு பேரு?"

"அம்மா சொல்லுவா, மூணு வயசுல நான் பொட்டலம் பொட்டலமா சிப்ஸ் தின்னேனாம்."

பெர்னடீன் பெப்பர்மின்ட்டை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றினார். அவ்வளவுதான்.

புதன், காலை 9:05.

வசூல் கம்பெனியின் பெயர் 'நோபிள் டான் பார்ட்னர்ஸ்'. உன்னத விடியல் கூட்டாளிகள் என்று பொருள். யாருக்கு விடிகிறது என்று பெயரில் இல்லை. டெரன்ஸ் என்கிற ஒருவர் பேசினார். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"இந்த அழைப்பு பதிவு செய்யப்படுது, சார். உங்க வசதிக்காக."

"என் வசதிக்கு வேணாம்," என்றார் சிப்.

"எங்க வசதிக்காகவும், சார். இன்னிக்கு அம்பது டாலர் மட்டும் கட்டுனீங்கன்னா நல்லெண்ண அடையாளமா எடுத்துக்குவோம்."

பெர்னடீன் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்டினார்: ஒரு பைசா கூடாது.

"ஏன்?" என்று சிப் வாயசைத்தார். பெர்னடீன் போனைக் கையால் பொத்தினார்.

"அம்பது கட்டினா ஆறாயிரமும் உன்னோடதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி பேசுவாங்க. பழைய கடனுக்கு மூச்சு குடுக்காதே, கண்ணு." பிறகு போனிடம்: "டெரன்ஸ், நீங்க லெட்டர் எத்தனை அனுப்பினீங்க?"

"மூணு, மேடம். மூணும் திரும்பி வந்துடுச்சு. அப்படி ஒரு வீடே இல்லையாம்."

"எந்த விலாசத்துக்கு?"

தட்டச்சுச் சத்தம். "212, மில் தெரு."

சிப் நாற்காலியில் நிமிர்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனவன் கொடுத்த விலாசம், கார் கழுவுகிற இடம்.

"நம்ம வீட்டு விஷயம் தெரிஞ்சவன்தான்," என்றாள் நோரீன் சன்னமாக. அவள் தம்பியின் மேல் இன்னொரு கல் விழுந்தது.

திங்கள், காலை 11:00.

ஏரியோர ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவு. சுவரில் சூரிய உதயப் படம். மேஜையில் இருந்த பெண் அந்தரங்கம் என்ற சொல்லை நான்கு முறை சொன்னார்.

"நோயாளியோட விவரத்தை நாங்க யாருக்கும் குடுக்க முடியாது."

"சரி," என்றார் பெர்னடீன். "இவர்தான் நோயாளின்னா அவரோட பில்லை அவருக்கே குடுங்க. இவர் நோயாளி இல்லன்னா கடனை விட்டுடுங்க. ரெண்டுல எது?"

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். உள்ளே போனார். பதினோரு நிமிடம் கழித்து நான்கு தாளுடன் வந்தார்.

பெர்னடீன் பில்லை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். வந்த நேரம் பிற்பகல் 2:52. வெயில் மயக்கம். நெஞ்சுக்கு ஈ.சி.ஜி. தலைக்கு ஸ்கேன். சலைன் இரண்டு பை. ஆஸ்பிரின் மாத்திரை ஒன்று, இருபத்து மூன்று டாலர். நோயாளியின் பொருள்களைப் போட்டு வைக்க ஒரு பிளாஸ்டிக் பை, பதினான்கு டாலர்.

"பதினாலு டாலருக்கு ஒரு பையா!" என்றாள் நோரீன்.

"எங்க காலத்துல ஒன்பது," என்றார் பெர்னடீன். குரலில் லேசான பெருமை. "ஆனா பைக்கு காசு வாங்கினா உள்ள என்ன இருக்குன்னு எழுதணும். இதோ."

பொருள்கள்: தொப்பி 1. தூரக்கண்ணாடி (பைனாகுலர்) 1. பஸ் டிக்கெட் 1. ரொக்கம் 11 டாலர். அடியில் கையெழுத்து. W-வும் L-உம் தெரிந்தன, மற்றது நடுங்கியிருந்தது. இன்சூரன்ஸ் என்ற கட்டத்தில் 'இல்லை'.

"கடைசியா ஒண்ணு," என்றார் பெர்னடீன் அந்தப் பெண்ணிடம். "அந்தரங்கம் எதுவும் வேணாம். உங்ககிட்ட இருக்கிற பிறந்த வருஷம் 1972-ஆ? ஆமா, இல்ல. அவ்வளவுதான்."

அந்தப் பெண் திரையைப் பார்த்தார். இடமும் வலமும் பார்த்தார்.

"இல்ல."

"பாருங்க, எவ்வளவு சுலபம்," என்றார் பெர்னடீன்.

வியாழன், மாலை 4:15.

ரஸ் கெஸ்லர். நாற்பத்து நான்கு வயது. கார்களுக்கு அடியில் படுத்துக்கொண்டேதான் பேசுவான்.

"என்னையா? என்னையா சந்தேகப்படுறீங்க? நோரீன், நீயா?"

"கேட்டாங்க. பதில் சொல்லு," என்றாள் அக்கா.

"தூரக்கண்ணாடி வச்சிருக்கியா?" என்றார் பெர்னடீன்.

"எனக்கு எதுக்கு? தூரத்துல இருக்கிற எதுவும் எனக்கு வேணாம். கிட்ட இருக்கிறதே தாங்கல."

"மில் தெருவுல சிப் வீடு தெரியுமா?"

"மச்சான் வீடா? நான் இந்த ஊருக்கு வந்ததே 2009. வந்த அன்னிக்கே அங்க என் வண்டிய கழுவினேன். அதுதான் எனக்குத் தெரிஞ்ச மில் தெரு." காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். கண் சிவந்திருந்தது, எண்ணெய் பட்டதாக இருக்கலாம். "மச்சான், ஒரு வார்த்தை. நான் உன் கீழறையில எட்டு மாசம் ஓசில இருந்தேன். உன் பீரைக் குடிச்சேன். உன் பேரை எடுக்கல."

சிப் தரையைப் பார்த்தார்.

"நாளைக்கு சாயங்காலம் சர்ச் மீன் விருந்துக்கு வா," என்றார் பெர்னடீன். "எல்லாரும் வாங்க."

வெள்ளி, மாலை 5:40.

ஈஸ்டருக்கு முன், இறைச்சி தொடாத தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சாண்டஸ்கியில் யாரும் வீட்டில் சமைப்பதில்லை. சர்ச் நிலவறைக் கூடத்தில் நீளமான மேஜைகள். மாவில் தோய்த்துப் பொரித்த ஏரி மீன், முட்டைக்கோஸ் சாலட், ஒரு கைப்பிடி சிப்ஸ். கத்தோலிக்கர்கள் பாவத்துக்காக வருவார்கள். மற்றவர்கள் மீனுக்காக வருவார்கள். வரிசையில் இருவரையும் பிரித்துச் சொல்ல முடியாது.

சிப், நோரீன், ரஸ், எதிரில் பெர்னடீன். பெரிய துப்பறிவாளர்கள் கணப்பு அடுப்பின்முன் நின்று பேசுவார்கள் என்பார்கள். பெர்னடீன் எலுமிச்சைத் துண்டைப் பிழிந்துகொண்டே பேசினார்.

"முதல்ல ரஸ். பேரைத் திருடுறவன் தனக்குத் தெரிஞ்ச விலாசத்தைக் குடுப்பான். ரஸ் அப்போ உங்க கீழறையில இருந்தான். அந்த விலாசத்தைக் குடுத்திருப்பான். மில் தெருன்னா அவனுக்கு சோப்பு நுரை. அது மட்டுமில்ல, 2:52-க்கு அவன் சாசேஜைக் கரியாக்கிட்டிருந்தான். நாப்பது சாட்சி."

"கடவுளுக்கு நன்றி," என்றான் ரஸ். "அந்த சாசேஜுக்கு ஒரு அர்த்தம் வந்துச்சு."

நோரீன் தன் தட்டில் இருந்த பெரிய மீன் துண்டை எடுத்துத் தம்பியின் தட்டில் வைத்தாள். அந்தக் குடும்பத்தில் மன்னிப்பு அப்படித்தான் கேட்கப்படும்.

"ரெண்டாவது, தேதி. ஜூன் 3-ன்னதும் எல்லாரும் என்ன சொன்னீங்க? 'விழாவுல இருந்தோம், அதனால நாங்க இல்ல.' நானும் தலையாட்டினேன். அன்னிக்கு ராத்திரிதான் உறைச்சுது. வருஷத்துல முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள் இருக்க, சிப்போட பேரு ஏன் அந்த ஒரு நாள்ல ஆஸ்பத்திரிக்குப் போகணும்? விழா உங்களுக்கு அலிபி, அங்க இல்லைங்கிறதுக்குச் சாட்சி. வேற யாருக்கோ அதுதான் காரணம்."

ரஸ் மெல்லுவதை நிறுத்தினான்.

"வெளியூர்லேர்ந்து பஸ்ல வந்த ஆள். கையில பதினோரு டாலர். தூரக்கண்ணாடி. அறுபத்தஞ்சு வயசு ஆகல. ஆகியிருந்தா அரசாங்க இன்சூரன்ஸ் இருந்திருக்கும். வெயில்ல ரொம்ப நேரம் உக்காந்த ஆள். நோரீன், அந்தப் படம்."

நோரீன் போனை நீட்டினாள். பெர்னடீன் இரண்டு விரலால் படத்தை விரித்தார். டெஸ்ஸும் சிப்பும் படத்துக்கு வெளியே போனார்கள். உச்சி வரிசை கிட்டே வந்தது. தொப்பி போட்ட ஒரு மனிதர். முகத்தில் தூரக்கண்ணாடி.

"விழா முடிஞ்சாச்சு. மேடை காலி. எல்லாரும் இறங்குறாங்க. அப்புறம் தூரக்கண்ணாடி எதுக்கு?" பெர்னடீன் விரலை நகர்த்தினார். "மேடையப் பாக்கல. உங்களப் பாக்குறாரு."

"யாரு?" என்றார் சிப். கேட்கும்போதே அவர் குரல் பதிலுக்குப் பயந்தது.

"உன்னை ஏன் சிப்னு கூப்பிடுறாங்க?"

"சொன்னேனே, சிப்ஸ்—"

"உனக்கு சிப்ஸ் பிடிக்காது. எப்பவும் பிடிச்சதில்ல. தட்டைப் பாரு, இன்னிக்கும் ஓரமா ஒதுக்கியிருக்கே. நம்ம ஊர்ல சிப்னு யாருக்குப் பேரு வைப்பாங்க? எங்க பில் பிரிவுல நாலு சிப் இருந்தாங்க. நாலு பேரும் ஜூனியர். அப்பன் பேரையே மகனுக்கு வச்சா வீட்டுல ரெண்டு பேரைக் கூப்பிட முடியாதே. அதனால சின்னவன் சிப். பழைய கட்டையிலேர்ந்து தெறிச்ச சில்லு. உன் அப்பா பேரு என்ன?"

கூடத்தில் யாரோ சில்லறையைக் கீழே போட்டார்கள்.

"வெண்டல் லாட்டிமர்," என்றார் சிப். "ஆனா அவர்தான் செத்துட்டாரே. செத்தவங்கள யாரு சந்தேகப்படுவாங்க?"

"யாரு சொன்னது செத்தாருன்னு?"

"அம்மா."

"எட்டு வயசுப் பையனை விட்டுட்டு அப்பா செத்தா, நம்ம நாட்டுல பதினெட்டு வயசு வரைக்கும் அந்தப் பையன் பேருக்கு மாசாமாசம் சோஷியல் செக்யூரிட்டி செக் வரும். கிணத்துல வேலை செஞ்ச ஆளுக்கு நிச்சயம் வரும். உங்கம்மா ரெண்டு வேலை பாத்தா. பத்து காசு எங்கேர்ந்தும் வரலன்னு நீதான் சொன்னே. செக்கை வேணாங்கிற தாய எனக்குத் தெரியாது. அவளால கேக்க முடியல. கேட்டா இறப்புச் சான்றிதழ் கேப்பாங்க. ஆளு சாகல, கண்ணு. போயிட்டாரு. போயிட்டாருன்னு சொல்றதைவிட செத்துட்டாருன்னு சொல்றது அவளுக்குக் கொஞ்சம் கம்மியா வலிச்சிருக்கும். அதுக்கப்புறம் உன் பேருக்குப் பின்னாடி இருந்த ஜூனியரையும் எல்லாத் தாள்லேர்ந்தும் எடுத்துட்டா. சிப்பை மட்டும் அவளால எடுக்க முடியல. ஊரே கூப்பிட்டுப் பழகிடுச்சு. அதனால சிப்ஸ் கதை."

சிப் தட்டோரத்துச் சிப்ஸை ஒவ்வொன்றாக அடுக்கினார்.

"மயக்கத்துல கிடக்கிற ஆள்கிட்ட நர்ஸ் விலாசம் கேட்டிருக்கா," என்றார் பெர்னடீன். இப்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. "அந்த நேரத்துல யாருக்கும் யோசிச்சு சொல்ல வராது. வாய்க்கு வர்றது வீடு. நாப்பது வருஷம் எங்கெங்கயோ இருந்திருக்காரு. வாய்க்கு வந்தது மில் தெரு 212. கம்ப்யூட்டர் அந்தப் பேரையும் விலாசத்தையும் பாத்துச்சு, அதுக்கு ஊர்ல ஒரே ஒரு வெண்டல் லாட்டிமரைத்தான் தெரியும், தூக்கி உன் தலையில போட்டுச்சு. குற்றவாளின்னு சொல்லணும்னா அவரைத்தான் சொல்லணும். குற்றம், மகனைப் பாக்க வந்தது."

சிப் போனை வாங்கினார். படத்தை இன்னும் விரித்தார். விரிக்க விரிக்க அது புள்ளிகளாக உடைந்தது. தொப்பி தெரிந்தது. கை தெரிந்தது. முகம் தெரியவில்லை. தூரக்கண்ணாடி மறைத்திருந்தது.

"ஏன் இறங்கி வரல?" என்றார்.

"அது பில்லுல வராது, கண்ணு."

"இப்போ எங்க இருக்காரு?"

"தேடிப் பாத்தேன். போன் புத்தகத்துல இல்ல, வீட்டு வரியில இல்ல. செத்தவங்க பட்டியல்லயும் இல்ல. அதை மட்டும் ரெண்டு தடவை பாத்தேன்."

மீன் ஆறிப்போயிருந்தது. ரஸ் அதை எடுக்கக் கை நீட்டி, அக்காவின் பார்வையைப் பார்த்து, கையை மடக்கிக்கொண்டான்.

செவ்வாய், காலை 10:30.

சிப்பின் பிறப்புச் சான்றிதழ், படகுக் கம்பெனி அடையாள அட்டை, மைதானத்துப் படம், ஆஸ்பத்திரியில் இருக்கும் பிறந்த வருஷம் வேறு என்கிற ஒரு வரி. இத்தனையும் மீன் விருந்து முடிந்த வெள்ளி இரவே நோபிள் டானுக்குப் போயிருந்தது. ஆட்சேபப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: 'இது இதே பெயருள்ள வேறொருவரின் கடன்.' சிப் அதில் டிக் அடிக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டார். கீழே கையெழுத்துப் போட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகப் பக்கத்தில் எழுதினார்: ஜூனியர்.

சரித்திரத்தில் இல்லாத லெட்டர் வந்தது. பிரெஸ்காட் அதை இரண்டு முறை படித்தார். ரிப்போர்ட்டைத் திருத்தி வாங்கினார். கெடு நாளான வெள்ளி மாலை 4:20-க்கு வீட்டுப் பத்திரக் கையெழுத்துகள் முடிந்தன. பிரெஸ்காட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைகுலுக்கினார்.

"நான் ஆரம்பத்துலேர்ந்தே நம்பினேன்," என்றார்.

"அது உங்க பயணம்," என்றாள் நோரீன்.

திங்கள், காலை 11:05.

ஹெரன் சந்து, 9. அட்டைப் பெட்டிகள். பெர்னடீன் செர்ரிப்பழம் வைத்துச் சுட்ட பலகாரம் கொண்டு வந்திருந்தார். சிப் ஒரு ஆணியைச் சுவரில் அடித்துவிட்டு, அதில் எதை மாட்டுவது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

"மிஸ்டர் லாட்டிமர் ஜூனியர்? நோபிள் டான்லேர்ந்து டெரன்ஸ், சார். உங்க கணக்கு முடிஞ்சது. இது வேற விஷயம். மிஸ்டர் வெண்டல் லாட்டிமர் சீனியர் இருக்கிற இடம் தெரியுமான்னு கேக்கணும். சட்டப்படி உங்ககிட்ட ஒரே ஒரு தடவைதான் கேக்கலாம்."

பெர்னடீன் கையைக் குறுக்கே ஆட்டினார். தெரியாது என்று சொல், வை.

சிப் போனை மார்பில் அழுத்திக்கொண்டார்.

"நாப்பத்தாறு வருஷமா அவரை யாரும் தேடல, பெர்னடீன். அம்மா தேடல. நான் தேடல, செத்தாருன்னு நெனச்சேன். இப்போ இவங்க தேடுறாங்க. தேடுறதுதான் இவங்க பொழப்பு. ஒருநாள் அவரைப் பிடிச்சா, 'உங்களுக்கு இந்த விலாசம் இருக்கு, சரியா?'ன்னு கேப்பாங்கல்ல? அப்போ அவருக்கு என் வீடு தெரிஞ்சுடும்."

"கேப்பாங்க," என்றார் பெர்னடீன். அவருக்குப் புரிந்துவிட்டது. "வேணாம், கண்ணு. ஒரே பேரு, ஒரே விலாசம்னா ரெண்டு பேரையும் மறுபடி ஒரே ஃபைல்ல போட்டுடும். அந்த ஆறாயிரம் உன் தலைக்குத் திரும்பி வரும். அந்த கம்ப்யூட்டருக்குப் பிரிக்கத் தெரியாது."

"பிரிக்க வேணாம்."

பெர்னடீன் ஒரு பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"டெரன்ஸ், எழுதிக்குங்க," என்றார் சிப். "ஹெரன் சந்து, 9."

தட்டச்சுச் சத்தம். "ரொம்ப நன்றி, சார். அப்போ அவர் உங்களோடதான் இருக்காரா?"

சிப் ஆரஞ்சுக் கதவைப் பார்த்தார். அது திறந்தே இருந்தது. வெளியே ஏரி.

"இன்னும் வரல."

டெரன்ஸின் திரையில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே கட்டங்கள். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு 'ஆம்' என்பதை அழுத்தினார்.